ப்ரொக்ஸி சேர்வர்: கணனிக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் ஆள்

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்துகொண்டிருந்தேன். எமது பழைய சோனகத் தெருவிலேயே பெயின்ட் வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் மடிக்கணனியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நானா, வீட்ல எல்லா போனுக்கும் இன்டர்நெட் வருது. இதுக்கு மட்டும் வருதில்ல. திருத்துறவனுக்கு 3,500 ரூபா குடுத்தேன். விண்டோஸைப் புதுசாப் போட்டுத் தந்தான். ரெண்டு நாள் நல்லா இருந்திச்சி. கம்பனி ஒபிஸுக்குக் கொண்டு போய் வந்தேன், திரும்பவும் அதே கததான்."

அவர் ஒரு பெரிய பெயின்ட் கம்பனியின் முகவர். மாதத்தில் இரண்டு மூன்று தடவை அந்தக் கம்பனியின் அலுவலகத்துக்குப் போய், ஓடர்களை அவர்களது கணக்கில் பதிவு செய்து வருவார். நான் மடிக்கணனியைத் திறந்து ஒரேயொரு பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு பட்டன் 'ஒன்' என்றிருந்தது. அதை 'ஓஃப்' ஆக்கினேன். இன்டர்நெட் வந்துவிட்டது. சகோதரர் முதலில் சிரித்தார். பிறகு கொடுத்த 3,500 ரூபாவை நினைத்துக் கவலைப்பட்டார்.

அந்தப் பட்டனின் பெயர் ப்ரொக்ஸி. அதைப் பற்றித் தெரியாததால் அவருக்கு நட்டம் 3,500 ரூபாதான். அதே பட்டனை மறந்துபோனதால் எனக்கு ஏற்பட்ட நட்டம் இதைவிடப் பெரியது. அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன். முதலில் ப்ரொக்ஸி என்றால் என்ன, அதைக் கணனியில் எப்படிப் போடுவது, எப்படி எடுப்பது என்பதை ஒழுங்காகப் பார்ப்போம்.

துண்டு கொண்டு போகும் பையன்

எமது கடையில் ஒரு சாமான் இல்லையென்றால் என்ன செய்வோம்? ஒரு துண்டில் எழுதிக் கடைப் பையனிடம் கொடுத்து அடுத்த தெருவுக்கு அனுப்புவோம். அவன் போய்ச் சாமானை வாங்கி வருவான். விற்ற கடைக்காரர் கண்டது பையனை மட்டும்தான். சாமான் யாருக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் பையனுக்கு எல்லாம் தெரியும். நாம் எந்தக் கடைக்கு அனுப்பினோம், எத்தனை மணிக்கு அனுப்பினோம், துண்டை மடித்து ஒட்டாமல் கொடுத்திருந்தால் அதில் என்ன எழுதியிருந்தோம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ப்ரொக்ஸி சேர்வரின் வேலையும் இதுதான். சாதாரணமாக உங்கள் கணனி இணையத்தளத்துடன் நேரடியாகப் பேசுகிறது. ப்ரொக்ஸி போட்டால், உங்கள் கணனி முதலில் வேறொரு கணனியிடம் போகிறது. அந்தக் கணனி உங்கள் சார்பில் இணையத்தளத்துக்குப் போய், கேட்டதை வாங்கி வந்து தருகிறது. இணையத்தளத்துக்குத் தெரிவது அந்த இடைக் கணனியின் முகவரிதான்.

இது புதிய விடயமல்ல. ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடத்தின் வெப் சேர்வர் மென்பொருளில் 1994ஆம் ஆண்டளவிலேயே இந்த வசதி இருந்தது. இன்றும் பெரிதும் பயன்படும் இலவச ப்ரொக்ஸி மென்பொருளான ஸ்குவிட் 1996ஆம் ஆண்டளவில் வெளிவந்தது.

எமது ஊர் வியாபாரிகளுக்கும் இது புதிதல்ல. 2003ஆம் ஆண்டளவில் என் கடையில் ஒரேயொரு டயல்அப் லைன் இருந்தது. கீழே ஒரு கணனி, மாடியில் கணக்குப்பிள்ளைக்கு ஒரு கணனி. ஒரு லைனை இரண்டுக்கும் பகிர்வதற்காகக் கீழ்க் கணனியில் ஒரு ப்ரொக்ஸி மென்பொருளைப் போட்டுத் தந்தார் ஒரு தம்பி. மாடிக் கணனி கீழ்க் கணனியிடம் கேட்கும். கீழ்க் கணனி வெளியே போய் வாங்கிக் கொடுக்கும். அக்கால நெட் கபேக்கள் பலவும் இப்படித்தான் இயங்கின. இன்று அந்தப் பகிரும் வேலையை ரவுட்டரே செய்துவிடுகிறது. ஆகவே சாதாரணக் கடைக்கோ வீட்டுக்கோ ப்ரொக்ஸி தேவையே இல்லை.

எவருக்குத் தேவை?

தலைமை அலுவலகமோ, நீங்கள் முகவராக இருக்கும் கம்பனியோ தமது வலையமைப்புக்குள் வருவதற்கு ப்ரொக்ஸி முகவரியொன்றைத் தரலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு அங்குள்ள நூலகச் சேவைக்காக ஒன்று தரப்படலாம். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்தில், யார் எந்தத் தளத்துக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்த முதலாளியே ஒன்றை அமைக்கலாம். இந்த மூன்றிலும் அந்த இடைக் கணனி யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணனியில் போடும் முறை

முதலில் ப்ரொக்ஸியைத் தருபவரிடம் இரண்டு விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று முகவரி. அது 192.168.1.10 போன்று இலக்கங்களாகவோ ஒரு பெயராகவோ இருக்கும். மற்றது போர்ட் இலக்கம். 8080, 3128 ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. முகவரி கட்டடம் என்றால், போர்ட் அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு என்பது. இரண்டில் ஒன்று பிழைத்தாலும் இணைப்பு வராது. பயனர் பெயர், கடவுச்சொல் தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11 உள்ள கணனியில் செய்ய வேண்டியவை:

1. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'செட்டிங்ஸ்' பகுதிக்குச் செல்லுங்கள்.

2. இடப்பக்கத்தில் 'நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட்' என்பதைத் தெரிவு செய்து, அதனுள் 'ப்ரொக்ஸி' என்பதை அழுத்துங்கள்.

3. 'மெனுவல் ப்ரொக்ஸி செட்அப்' என்ற தலைப்பின் கீழ் 'யூஸ் எ ப்ரொக்ஸி சேர்வர்' என்றிருக்கும். அதற்கு நேரே உள்ள 'செட் அப்' பட்டனை அழுத்துங்கள்.

4. வரும் பெட்டியில் 'யூஸ் எ ப்ரொக்ஸி சேர்வர்' என்பதை 'ஒன்' ஆக்குங்கள். முகவரியையும் போர்ட் இலக்கத்தையும் அவற்றுக்குரிய இடங்களில் எழுதுங்கள்.

5. அதன் கீழே ஒரு பெரிய பெட்டி உண்டு. எந்தத் தளங்களுக்கு ப்ரொக்ஸி வழியாகப் போகாமல் நேரே போக வேண்டுமோ அவற்றை அரைப்புள்ளியால் பிரித்து அதில் எழுதலாம். உங்கள் வங்கியின் தளத்தை எழுதி வைப்பது நல்லது. ஆனால் சில அலுவலகங்களின் வலையமைப்பில் ப்ரொக்ஸி இன்றி வெளியே போகவே முடியாது. அங்கே இது சரிவராது.

6. உள்ளக வலையமைப்பு முகவரிகளுக்கு ப்ரொக்ஸியைப் பாவிக்காதே என்ற கருத்தில் கீழே ஒரு வரி இருக்கும். அதில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் கடையிலுள்ள பிரின்டரின் பக்கம் திறக்காமல் போகலாம்.

7. 'சேவ்' அழுத்துங்கள். ப்ரொக்ஸிக்குக் கடவுச்சொல் இருந்தால், முதல் தடவை உலாவியைத் திறக்கும்போது ஒரு சிறு பெட்டி வந்து கேட்கும்.

விண்டோஸ் 10இலும் வழி இதுதான். அதில் தனிப் பெட்டி வராது. அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியிலேயே எழுதிச் சேவ் செய்யலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது என்பதையும் இங்கு ஞாபகப்படுத்துகிறேன். வங்கி வேலை செய்யும் கணனியென்றால் இதையும் யோசியுங்கள்.

கூகுள் குரோம், மைக்ரோசொப்ட் எட்ஜ் இரண்டும் விண்டோஸில் போட்ட இந்த அமைப்பையே எடுத்துக்கொள்ளும். பயர்பொக்ஸ் உலாவிக்குத் தனியான இடம் உண்டு. அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஜெனரல்' பகுதியின் அடியில் 'நெட்வேர்க் செட்டிங்ஸ்' என்றிருக்கும். சாதாரணமாக அதுவும் விண்டோஸின் அமைப்பைப் பின்பற்றும்படியே இருக்கும். ஆனால் எவராவது அங்கே தனியாக ஒரு முகவரியைப் போட்டிருந்தால், விண்டோஸில் எடுத்தாலும் பயர்பொக்ஸில் அது அப்படியே இருக்கும். இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு இலகுவான வழி உண்டு. ப்ரொக்ஸி போடுமுன் கூகுளில் உங்கள் ஐ.பீ. முகவரி என்னவென்று தேடி, வரும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பின் மீண்டும் தேடுங்கள். வெளியிலுள்ள ப்ரொக்ஸியென்றால் இலக்கம் மாறியிருக்கும். உங்கள் கடைக்குள்ளேயே, அதே லைனில் உள்ள ப்ரொக்ஸியென்றால் மாறாது. மாறவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

எடுக்கும் முறை

எடுப்பதற்கு அதே பக்கத்துக்குப் போய் 'யூஸ் எ ப்ரொக்ஸி சேர்வர்' என்பதை 'ஓஃப்' ஆக்கிச் சேவ் செய்தால் போதும். எழுதிய முகவரி அழியாது. அடுத்த முறை அலுவலகம் போகும்போது 'ஒன்' மட்டும் ஆக்கலாம்.

பெயின்ட் சகோதரருக்கு நடந்தது இதுதான். அலுவலகத்தில் போட்ட ப்ரொக்ஸி அந்த அலுவலகத்துக்குள் மட்டுமே இருப்பது. வீட்டுக்கு வந்த மடிக்கணனி, அங்கே இல்லாத ஒரு பையனிடம் துண்டைக் கொடுக்கக் காத்துக்கொண்டே இருந்தது. போனுக்கு இன்டர்நெட் வந்து கணனிக்கு மட்டும் வராவிட்டால், அல்லது ப்ரொக்ஸி சேர்வர் பதில் தரவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தால், காசு கொடுக்குமுன் இந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

எனக்கு நடந்தது

இனி என் கதைக்கு வருகிறேன்.

2018 மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் எமது மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டோம். அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. மார்ச் 7ஆம் திகதி முதல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் போன்றவை தடை செய்யப்பட்டன. பேஸ்புக் ஒரு வாரத்துக்கும் மேலாகத் திறக்கவில்லை.

அந்நாட்களில் எமது கடைக்கு வெளியூர் ஓடர்கள் பேஸ்புக் பக்கத்தின் மூலமே அதிகம் வந்தன. மனம் முழுக்கக் கண்டியில் இருந்தது. கடையிலும் வேலை நின்றுபோனது. அப்போது என் சகோதரியின் மகன், "மாமா, ப்ரொக்ஸி ஒன்டு போட்டா பேஸ்புக் திறக்கும்" என்று சொல்லி, இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலிலிருந்து இலவச முகவரியொன்றைப் போட்டுத் தந்தான். பேஸ்புக் திறந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். அந்த முகவரி எந்த நாட்டில் இருக்கிறது, யார் அதை நடத்துகிறார், இலவசமாக ஏன் தருகிறார் என்று நான் கேட்கவில்லை. கடைக்கு ஒரு புதிய பையனை வேலைக்கு எடுப்பதானால் அவனது ஊர், வாப்பாவின் பெயர், முன்பு வேலை செய்த இடம் எல்லாம் விசாரிக்கும் நான், எனது எல்லாக் கடிதங்களையும் ஒரு முகம் தெரியாத ஆளின் கையில் கொடுத்தேன்.

மார்ச் நடுப்பகுதியில் தடை நீங்கியது. ப்ரொக்ஸியை எடுக்க வேண்டும் என்ற ஞாபகம் எனக்கும் வரவில்லை, மருமகனுக்கும் வரவில்லை. கணனி கொஞ்சம் மந்தமாக ஓடியது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

மே மாதத்தில் ஒருநாள், அக்கரைப்பற்றிலுள்ள வாடிக்கையாளர் ஒருவரிடம் பாக்கிப் பணம் பற்றிக் கேட்பதற்காகத் தொலைபேசி எடுத்தேன். "நானா, நீங்க சொன்ன புதுக் கணக்குக்குப் போன கிழமையே போட்டுட்டனே" என்றார். எனக்குப் புதுக் கணக்கு எதுவும் இல்லை.

அவருக்குப் போன கடிதத்தைப் பார்த்தேன். எமது கடையின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே போயிருந்தது. வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகவும், பணத்தைப் புதிய கணக்கிலக்கத்துக்கு வைப்புச் செய்யும்படியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. பாக்கித் தொகை சதம் பிழையாமல் இருந்தது: 175,000 ரூபா. எங்கள் கடிதங்களை ஒருவர் உள்ளே இருந்து படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"நானா, ஸலாம் இல்லாம எழுதியிருந்திச்சி. அவசரத்துல எழுதியிருப்பீங்கண்டு நினைச்சன்" என்றார் அவர். நான் எந்தக் கடிதத்தையும் ஸலாம் சொல்லாமல் தொடங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

முறைப்பாடு செய்தோம். ஆனால் பணம் வந்த அன்றே அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அவர் பணத்தைக் கொடுத்துவிட்டார், எனக்குக் கிடைக்கவில்லை. பிழை யாருடையது? விசாரிக்காமல் போட்டது அவர். கடிதம் போனதோ என் வீட்டு வாசலால். கடைசியில் ஆளுக்கு 87,500 ரூபா என்று நட்டத்தைப் பங்கிட்டோம். அந்தத் தொகையை விட, அவர் முன்னால் நான் குனிந்து நின்றதுதான் எனக்குப் பெரிய நட்டம்.

கடவுச்சொல் அந்த ப்ரொக்ஸி வழியாகத்தான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த வழியில் போவதற்கு எல்லாக் கதவும் திறந்து கிடந்தது என்பதை மறுக்க முடியாது.

ஒட்டிய கடிதமும் ஒட்டாத துண்டும்

அந்தக் கதவு எது? எமது கடையின் மின்னஞ்சலை அப்போது நாம் ஒரு பழைய பக்கத்தின் வழியாகத் திறந்து வந்தோம். அதன் முகவரி எச்.டி.டி.பி. என்றுதான் தொடங்கும். கடைசியில் 'எஸ்' இருக்காது. அதாவது ஒட்டாத துண்டு. அப்படியான பக்கத்தில் எழுதும் கடவுச்சொல்லை இடையில் நிற்கும் ப்ரொக்ஸி அப்படியே படிக்கலாம்.

முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினால் அது ஒட்டிய கடிதம். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், எப்போது போகிறீர்கள் என்பது மட்டுமே ப்ரொக்ஸிக்குத் தெரியும். உள்ளே எழுதியதைப் படிக்க முடியாது. வங்கித் தளங்களும் இன்றைய பெரிய மின்னஞ்சல் சேவைகளும் இப்படித்தான் இயங்குகின்றன.

ஆனால் ஒட்டிய கடிதத்தையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு உங்கள் அனுமதி வேண்டும். இடையில் நிற்பவர் போலி முத்திரையொன்றைக் காட்டினால், இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி எச்சரிக்கும். அதைப் பொருட்படுத்தாமல் மேலே போனாலோ, அவர் சொல்கிறார் என்று ஒரு 'சேர்ட்டிபிகேட்' கோப்பைக் கணனியில் நிறுவினாலோ, நீங்களே கத்தரிக்கோலைக் கொடுத்ததாகிவிடும். அதன் பின் வங்கிக் கடவுச்சொல்லும் அவர் கண்ணில் படும். சில நிறுவனங்கள் தமது சொந்தக் கணனிகளில், ஊழியர்களுக்கு அறிவித்து இதைச் செய்வதுண்டு. அது வேறு விடயம். உங்கள் சொந்தக் கணனியில் முன்பின் தெரியாத எவருக்கும் இதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

நான் இப்போது கடைப்பிடிப்பவை

1. இலவச ப்ரொக்ஸிப் பட்டியல்களிலிருந்து எந்த முகவரியையும் வியாபாரக் கணனியில் போடுவதில்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் மீண்டும் தடைப்பட்டன. இரண்டு தடவையும் கடைப் பையன்கள் ஆளுக்கொரு இலவச வீ.பீ.என். தேடினார்கள். வீ.பீ.என். கணனியின் போக்குவரத்தைப் பூட்டி அனுப்புவது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டின் மறுமுனையில் திறப்பு வைத்திருப்பவரும் ஓர் இடை ஆள்தான். அவர் யார் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. நான் தொலைபேசியில் ஓடர் எடுத்தேன்.

2. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு கணனி. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் படத்துக்கும் அதைக் கொடுப்பதில்லை. ப்ரொக்ஸி அமைப்பைத் தானே மாற்றிவிடும் கள்ள மென்பொருள்களும் உண்டு.

3. மாதம் ஒருமுறை ப்ரொக்ஸிப் பக்கத்தைப் பார்க்கிறேன். நாம் போடாத முகவரி இருக்கிறதா, 'யூஸ் செட்அப் ஸ்கிரிப்ட்' என்பது தானாக 'ஒன்' ஆகியிருக்கிறதா என்று பார்ப்பேன். 127.0.0.1 என்று இருந்தால், கணனிக்குள்ளேயே உள்ள ஏதோ மென்பொருள் இடையில் நிற்கிறது என்று அர்த்தம். அது எதுவென்று தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

4. மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லுடன் இரண்டாவது பூட்டும் போட்டிருக்கிறேன். புதிய கணனியில் திறந்தால் என் போனுக்கு ஓர் இலக்கம் வரும். 2018இல் இது இருந்திருந்தால், கடவுச்சொல் போயிருந்தாலும் கடிதம் அனுப்புவது அவ்வளவு இலகுவாக இருந்திருக்காது.

5. வங்கிக் கணக்கு மாறினால் கடிதத்தில் அறிவிப்பதில்லை. நேரில் அல்லது தொலைபேசியில், என் குரலில் சொல்வேன். இதை எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பில்லின் அடியிலும் அச்சிட்டிருக்கிறேன்.

அக்கரைப்பற்றுச் சகோதரர் இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பணம் போடுமுன் தொலைபேசி எடுப்பார். "நானா, பழைய கணக்குத்தானே?" என்பார். ஆம் என்பேன். ஆரம்பத்தில் அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. இப்போது அவர் கேட்காவிட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

இன்று கடை பூட்டுமுன் இரண்டு நிமிடம் எடுத்து, செட்டிங்ஸ், நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட், ப்ரொக்ஸி என்று போய்ப் பாருங்கள். அங்கே ஒரு முகவரி இருந்தால், அது யாருடையது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் முதலில் அதை 'ஓஃப்' ஆக்குங்கள். பிறகு மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். போட்டது யார் என்ற விசாரணையை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.